சந்தை பார்க்கப் போனவர்கள்

உலகத்தின் பல வணிகக் கல்லூரிகளில் சர்வதேச சந்தைப்படுத்தல் என்ற பாடத்தை இப்போது வகுப்பறைக்குள் மட்டும் படிப்பிப்பதில்லை. மாணவர்களை ஒரு கிழமைக்கோ இரண்டு கிழமைக்கோ வேறொரு நாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். காலையில் ஒரு தொழிற்சாலை, பின்னேரம் ஒரு பெரிய கடைத்தொகுதி, இடையில் ஒரு கம்பனி அதிகாரியோடு சந்திப்பு, கடைசி நாள் ஒரு பிரசன்ரேசன். திரும்பி வந்த பிறகு ஒரு அறிக்கை, அதற்குக் கொஞ்சம் புள்ளி, போனில கனக்கப் படம்.

இதைப் பற்றிக் கதைக்க, கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிற எங்களுக்கு என்ன இருக்கு என்று நீங்கள் கேட்கலாம். இருக்கு. இந்தப் பயணங்களுக்கு நூற்றைம்பது வருசத்துக்கு மேற்பட்ட வரலாறு ஒன்று இருக்கிறது. அந்த வரலாற்றுக்குள் ஒரு கண்மருந்துக் கடை வருகிறது, உளவு வருகிறது, போர் வருகிறது, சுப்பர்மார்க்கெட்டும் வருகிறது. இந்தக் கட்டுரையில் நாங்கள் ஜப்பானை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். வெளிநாட்டுச் சந்தையைப் போய்ப் பார்த்துப் படிப்பதை அந்த நாட்டளவுக்கு ஒரு முறையாகவே செய்தவர்கள் குறைவு. அதில் வந்த நன்மையும் பெரிது, நடந்த கொடுமையும் பெரிது. இரண்டையும் பக்கத்தில பக்கத்தில வைத்துப் பார்த்தால் ஒரு கேள்வி மிஞ்சுகிறது: ஒருவர் இன்னொரு நாட்டுச் சந்தையைப் பார்க்கப் போகும்போது, அந்தப் பார்வை யாருக்காக?

இரும்பு விற்ற அரசர்

1867 இல் பாரிஸில் உலகக் கண்காட்சி நடந்தது. அப்போது ஜப்பானை ஆண்டுகொண்டிருந்த ஷோகன், தன் தம்பி தொக்குகாவா அக்கிதாக்கேயைத் தன் பிரதிநிதியாக அனுப்பினார். அந்தத் தம்பிக்கு அப்போது பதின்மூன்று, பதினான்கு வயதுதான். கூடப்போனவர்களில் கணக்குவழக்குப் பார்க்கிற பொறுப்பில் இருந்தவர் ஷிபுசவா எயிச்சி. 1840 இல் பிறந்தவர். விவசாயக் குடும்பம், அவுரியிலிருந்து நீலச் சாயம் செய்து விற்கிற வீடு. சின்ன வயதிலேயே சாய வியாபாரத்துக்காக ஊர் ஊராகத் திரிந்தவர்.

பாரிஸ் முடிந்து அவர்கள் ஐரோப்பாவின் வேறு நாடுகளுக்கும் போனார்கள். பெல்ஜியத்தில் இரும்பு உருக்கும் ஆலைகளைப் பார்த்தார்கள். பிறகு அரசர் இரண்டாம் லியோபோல்டைச் சந்தித்தபோது நடந்ததை ஷிபுசவா வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். இனி வரும் காலத்தில் இரும்பைக் கூடப் பாவிக்கிற நாடுதான் வலிமையான நாடாக இருக்கும், ஜப்பானும் இரும்பு வாங்க வேண்டும், வாங்கும்போது பெல்ஜியத்து இரும்பை வாங்குங்கள் என்ற கருத்தில் அரசர் கதைத்தாராம். ஷிபுசவாவுக்குத் திகைப்பு. அவருடைய நாட்டில் சாமுராய்தான் மேல், வியாபாரி அடுக்கின் கடைசியில். காசைப் பற்றிக் கதைப்பதே மரியாதைக் குறைவு என்றிருந்த இடத்திலிருந்து வந்தவருக்கு, ஒரு அரசரே தன் நாட்டுப் பொருளை முன்னால் நின்று விற்கிறார் என்பது புதுச் செய்தி.

அவர்கள் ஐரோப்பாவில் இருக்கும்போதே ஊரில் ஷோகன் ஆட்சி கவிழ்ந்துவிட்டது. 1868 இன் கடைசியில் திரும்பிவந்த ஷிபுசவா, 1873 இல் ஜப்பானின் முதலாவது தேசிய வங்கியைத் தொடங்குவதில் முன்னின்றார். வாழ்நாளில் சுமார் 500 கம்பனிகளோடு அவருக்குத் தொடர்பு இருந்தது. 1875 இல் டோக்கியோவில் சிறிதாகத் தொடங்கி, பின்னாளில் ஹிதோத்சுபாஷி பல்கலைக்கழகமாக வளர்ந்த வணிகப் பள்ளிக்கும் அவர் துணை நின்றார். 2024 ஜூலையில் வெளிவந்த 10,000 யென் தாளில் இருப்பது அவருடைய முகம்தான்.

வணிகப் புத்தகங்கள் பெரும்பாலும் கதையை இந்த இடத்தில் முடித்துக்கொள்ளும். நாங்கள் ஒரு வரி கூடச் சேர்க்கிறோம். அதே லியோபோல்ட் அரசர்தான் 1885 முதல் 1908 வரை கொங்கோவைத் தன் சொந்தச் சொத்தாக வைத்திருந்து, இறப்பருக்கும் யானைத் தந்தத்துக்கும் அந்த மக்களைக் கசக்கிப் பிழிந்தவர். விருந்தாளிக்கு இரும்பு விற்ற அதே கை. ஒரு நாட்டின் வியாபாரத் திறமையைப் பார்க்கப் போகிறவருக்கு ஆலையின் முன்பக்கம்தான் காட்டப்படும். பின்பக்கம் அட்டவணையில் இருக்காது.

கண்மருந்துக் கடையும் ஷாங்காய்ப் பள்ளியும்

அடுத்த கட்டத்தில் ஜப்பானியர் பார்க்கப் போனது ஐரோப்பாவை இல்லை, பக்கத்து நாடான சீனாவை. இந்தமுறை போனவர்கள் அரச குடும்பத்தவர்களும் இல்லை. உண்மையான வணிக மாணவர்கள், எங்கட வயதுக்காரர்.

ஷாங்காயில் கிஷிதா கின்கோ என்ற ஜப்பானியர் ரக்குசென்தோ என்றொரு கடை வைத்திருந்தார். அங்கே கண்மருந்து விற்றார்கள், புத்தகங்கள் விற்றார்கள். 1886 இல் சீனாவுக்கு வந்த அராவோ செய் என்ற இளம் இராணுவ அதிகாரி, கிஷிதாவின் உதவியோடு ஹான்கோ நகரில் அதே பெயரில் ஒரு கிளையைத் திறந்தார். அங்கே இருந்த இளைஞர்கள் சீன உடுப்புப் போட்டு, சீனர்போலப் பின்னல் வைத்து, மருந்துப் பொட்டலத்தோடு உள்நாட்டு ஊர்களுக்குப் போனார்கள். போகிற வழியில் எந்த ஆற்றில் எவ்வளவு தண்ணி, எந்த ஊரில் என்ன விலை, எங்கே எத்தனை படைவீரர் என்று எழுதிவைத்தார்கள். வியாபாரம் எது, உளவு எது என்று பிரிக்க ஏலாத கடை அது.

1890 இல் அராவோ, ஷாங்காயில் ஜப்பான்–சீன வர்த்தக ஆய்வுக் கழகம் ஒன்றைத் தொடங்கினார். ஜப்பானிலிருந்து சுமார் 150 இளைஞர்கள் வந்து சேர்ந்தார்கள். சீனமொழியும் வணிகமும் படித்தார்கள். இவர்களும் முன்னையவர்களும் திரட்டிய தகவல்களை வைத்து 1892 இல் சீன வர்த்தகத்தைப் பற்றி இரண்டாயிரம் பக்கங்களைத் தாண்டிய தொகுப்பொன்று வெளிவந்தது. நாணயம், அளவை, போக்குவரத்து, விளைபொருள், கடைக்காரரின் வழக்கங்கள் என்று எல்லாம் அதில் இருந்தது. இன்றைக்குச் சந்தை ஆய்வு என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

1894 இல் ஜப்பானுக்கும் சீனாவுக்கும் போர் மூண்டது. அந்தப் பள்ளியில் படித்தவர்களில் பலர் மொழிபெயர்ப்பாளராகவும் வேவுகாரராகவும் படையோடு போனார்கள். சிலர் சீன அரசிடம் பிடிபட்டு மரணதண்டனை பெற்றார்கள். வணிகம் படிக்கக் கப்பல் ஏறிய பொடியள்.

அந்த வேலையின் தொடர்ச்சியாக 1901 இல் ஷாங்காயில் தோஆ தோபுன் ஷோயின் என்ற பள்ளி வந்தது. முதல்வருசம் நான்ஜிங்கில் தொடங்கி அங்கிருந்து இடம்மாறியது. ஜப்பானின் மாகாணங்கள் தங்கள் பகுதி மாணவர்களைப் புலமைப்பரிசில் கொடுத்து அனுப்பின. வசதியில்லாத கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு அது பெரிய வாய்ப்பு. முக்கியமான துறை வணிகம். முதல் நாளிலிருந்தே சீனமொழி.

இந்தப் பள்ளியின் பெயரைச் சொல்லவைத்தது அதன் ‘பெரும் பயணம்’. 1907 முதல் ஒவ்வொரு வருசமும் கடைசி வகுப்பு மாணவர்கள் சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரிந்து, மூன்று மாதம் முதல் ஆறு மாதம் வரை சீனாவின் உள்நாட்டுக்குப் போனார்கள். தொடக்கத்தில் ஜப்பான் வெளிவிவகார அமைச்சும் அதற்குப் பணம் கொடுத்தது. நடந்து, படகில், கழுதையில், ரயில் இருக்கிற இடத்தில் ரயிலில் போனார்கள். கொள்ளைக்காரருக்குப் பயந்தார்கள், வயிற்றுப்போக்கோடு சத்திரங்களில் படுத்தார்கள், முன்பின் தெரியாதவர்களிடம் சாப்பிட்டார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பாதை, ஒரு தலைப்பு. பருத்தி, தேயிலை, உப்பு, வங்கிக் கடை, வணிகச் சங்கங்கள். பள்ளி மூடப்படும்வரை அவர்கள் போன பாதைகள் சுமார் 700. அந்த அறிக்கைகளை வைத்து 1917 க்கும் 1920 க்கும் இடையில் சீன மாகாணங்களைப் பற்றி 18 தொகுதிகள் அச்சாகின. இன்றைக்கும் அந்தக் காலச் சீனப் பொருளாதார வரலாற்றை ஆராய்கிறவர்கள் அவற்றைத் தேடிப் படிக்கிறார்கள்.

ஒரு கல்விமுறையாக மட்டும் பார்த்தால் இதை விஞ்சுவது கஷ்டம். மொழி தெரிந்து போனார்கள். நாள்கணக்கில் இல்லை, மாதக்கணக்கில் இருந்தார்கள். ஹொட்டேல் பஸ்ஸுக்குள்ளிருந்து பார்க்கவில்லை, சந்தைக்குள் நின்று விலை கேட்டார்கள். எழுதினதையும் ஒழுங்காக எழுதினார்கள்.

ஆனால் அந்த அறிக்கைகளின் பிரதிகள் எங்கே போயின? வெளிவிவகார அமைச்சுக்கு, விவசாய வணிக அமைச்சுக்கு, இராணுவத் தலைமையகத்துக்கு. ஒரு ஊரில் எத்தனை மூட்டை தானியம் கிடைக்கும் என்ற தகவல் தானிய வியாபாரிக்கும் உதவும், படையை நகர்த்துகிற தளபதிக்கும் உதவும். பாலம் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதும் அப்படித்தான். எழுதின மாணவன் வியாபாரியை நினைத்து எழுதியிருக்கலாம். வாசித்தவர் யார் என்பது அவன் கையில் இருக்கவில்லை.

1931 இல் ஜப்பான் மஞ்சூரியாவைப் பிடித்த பிறகு, சீன அரசு இந்த மாணவர்களுக்குப் பயண அனுமதி கொடுக்க மறுத்தது. மறுத்தது நியாயம்தானே. 1937 இல் முழுப் போர் தொடங்கியதும் பள்ளிக் கட்டடம் எரிந்துபோனது. கடைசி வருச மாணவர்கள் மொழிபெயர்ப்பாளர்களாகப் படைக்குள் எடுக்கப்பட்டார்கள். சந்தையில் பேரம் பேசப் படித்த சீனமொழியை, தோற்ற ஊரின் ஆட்களை விசாரிக்கப் பாவிக்க வேண்டி வந்தது.

எல்லாரும் தலையாட்டிக்கொண்டு போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஊர் ஊராகப் போனதில் சீனரின் வறுமையையும் கோபத்தையும் கண்ட மாணவர்கள் சிலர் தங்கள் நாட்டின் கொள்கைக்கு எதிராகவே திரும்பினார்கள். 1930 அளவில் போர் எதிர்ப்புத் துண்டுப்பிரசுரம் கொடுத்ததற்காக அங்கே மாணவர்கள் கைதானார்கள். ஒரே பயணம், ஒரே பாதை, ஒரே சத்திரம். ஒருவனுக்கு அது பிடிக்க வேண்டிய நாடாகத் தெரிந்தது, இன்னொருவனுக்கு மனிசர் வாழுற நாடாகத் தெரிந்தது.

1945 இல் ஜப்பான் தோற்றதோடு பள்ளி மூடப்பட்டது. அங்கிருந்து திரும்பிய ஆசிரியர்களும் மாணவர்களும் முன்னின்று 1946 இல் தொயோஹாஷியில் அய்ச்சி பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார்கள். பழைய பயண அறிக்கைகளை இன்றைக்கு அங்கேதான் ஆராய்ச்சிக்குத் திறந்துவைத்திருக்கிறார்கள்.

தோற்ற நாடு படிக்கப் போனது

பத்து வருசம் கழித்து ஜப்பானியர் மறுபடியும் கூட்டம் கூட்டமாகப் புறப்பட்டார்கள். இந்தமுறை தங்களைத் தோற்கடித்த நாட்டுக்கு.

1955 மார்ச்சில் ஜப்பான் உற்பத்தித்திறன் மையம் தொடங்கப்பட்டது. அமெரிக்க அரசும் உதவிப் பணம் கொடுத்தது. அமெரிக்காவுக்கு இதில் சொந்தக் காரணம் இருந்தது. பனிப்போர்க் காலம். ஆசியாவில் தன் பக்கம் நிற்கிற, பணக்கார, கம்யூனிசத்துக்குப் போகாத ஒரு ஜப்பான் அதற்குத் தேவைப்பட்டது. மையம் துறைவாரியாகக் குழுக்களை அமெரிக்காவுக்கு அனுப்பியது. முதலில் உருக்குத் துறை, பிறகு மற்றவை. முதலாளிமார் மட்டுமில்லை, தொழிற்சங்கக்காரரும் சிறு கம்பனிக்காரரும் போனார்கள். சில கிழமைகள் ஆலை ஆலையாகப் பார்த்துவிட்டு வந்து அறிக்கை எழுதினார்கள். அறிக்கைகள் அச்சாகி, போகாதவர்களின் கைக்கும் கிடைத்தன.

1955 இல் போன உயர் முகாமையாளர் குழுவுக்குத் தலைவர் தொஷிபாவின் இஷிசாக்கா தைசோ. திரும்பிவந்து, ஜப்பானுக்கு இனி ‘மார்க்கெற்றிங்’ வேண்டும் என்று சொன்னார். 1956 இல் அதற்கென்றே தனிக் குழு போனது. அந்தச் சொல்லை அவர்கள் மொழிபெயர்க்கவில்லை, ஆங்கில உச்சரிப்பை அப்படியே தங்கள் எழுத்தில் எழுதிக்கொண்டார்கள். நாங்கள் ‘சந்தைப்படுத்தல்’ என்று ஒரு சொல்லை உண்டாக்கியிருக்கிறோம். எது சரி என்று சண்டை பிடிக்கத் தேவையில்லை. ஒரு சொல் வந்து சேருவதற்கும் யாரோ கப்பலோ விமானமோ ஏறியிருக்கிறார்கள் என்பதுதான் விசயம்.

இந்த அலையில் நடந்த மூன்று கதைகளைப் பார்ப்போம். மூன்றும் வேறு வேறு விதமாகப் பார்க்கப் போனவர்களின் கதை.

முதலாவது டொயோட்டாவின் ஒனோ தைச்சி. 1916 இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் பிக்லி விக்லி என்ற கடை, வாங்குகிறவரே தட்டிலிருந்து சாமானை எடுத்துக்கொண்டு வாசலில் காசு கொடுக்கிற முறையைக் கொண்டுவந்தது. இன்றைக்கு எங்களுக்கு அது சாதாரணம். எடுக்க எடுக்கத்தான் தட்டு நிரப்பப்படும், தேவைக்கு மேல் குவிப்பதில்லை. சுப்பர்மார்க்கெட் பற்றித் தூரத்திலிருந்தே கேள்விப்பட்ட ஒனோ, கார் ஆலையிலும் இப்படிச் செய்யலாமே என்று யோசித்தார். அடுத்த கட்டத்தில் வேலை செய்கிறவர் வாடிக்கையாளர், முந்தின கட்டம் கடை. 1953 இலேயே தன் இயந்திரப் பிரிவில் செய்தும் பார்த்தார். 1956 இல்தான் அமெரிக்காவுக்குப் போய் சுப்பர்மார்க்கெட்டைக் கண்ணால் கண்டார். கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பல வருசம் காத்திருந்தவருக்கு ஒரு சின்னப் பயணமே போதும். கார் செய்கிறவர் கார் ஆலையில் மட்டும் இல்லாமல் பலசரக்குக் கடையிலும் படித்தார் என்பதுதான் இதில் வடிவான இடம்.

அதே டொயோட்டா 1957 இல் கலிபோர்னியாவில் விற்பனைக் கம்பனி ஒன்றைத் திறந்து, கிரவுண் என்ற காரை அமெரிக்கரிடம் கொண்டுபோனது. ஜப்பானின் கரடுமுரடான, மெதுவான வீதிகளுக்குச் செய்த கார் அது. அமெரிக்க நெடுஞ்சாலை வேகத்தில் ஆடியது, இழுக்கச் சக்தி காணவில்லை. ஒருசில வருசத்தில் அனுப்புவதை நிறுத்தினார்கள். ஆலைக்குள் அவ்வளவு கூர்மையாகப் பார்த்த கண்கள், வெளியே வீதியைப் போதிய அளவு பார்க்கவில்லை என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

இரண்டாவது சோனியின் மொரிதா அக்கியோ. 1953 இல் முதல்தடவை அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனார். ஜெர்மனியின் டூசல்டோர்ஃபில் ஐஸ்கிரீம் வாங்கினபோது, அதில் ஒரு சின்னக் கடதாசிக் குடை குத்தியிருந்தது. இது உங்கள் நாட்டில் செய்தது என்று பரிமாறினவர் மரியாதையாகச் சொன்னாராம். ஜப்பான் என்றால் உலகத்துக்கு ஞாபகம் வருவது கடதாசிக் குடைதான் என்று மொரிதாவுக்கு அந்த நேரத்தில் விளங்கியது. எந்தக் கருத்துக்கணிப்பும் சொல்லாத சந்தைப்படுத்தல் பாடம். பிறகு 1955 இல் அமெரிக்காவின் புலோவா கம்பனி, தன் பெயரைப் போட்டு விற்க ஒரு இலட்சம் ரேடியோ கேட்டபோது அவர் மறுத்தார். சோனி என்ற பெயர் இல்லாமல் விற்கமாட்டோம் என்றார். கடதாசிக் குடையின் அவமானம் அதற்குள் இருந்திருக்கும் என்று நாங்கள் நினைக்கிறோம்.

ஆனால் மொரிதா பயணங்களோடு நிற்கவில்லை. 1963 இல் மனைவி பிள்ளைகளோடு நியூயோர்க்கில் குடியேறி ஒரு வருசம் போல இருந்தார். பிள்ளைகள் அங்கே பள்ளிக்கூடம் போனார்கள், வீட்டுக்கு அயலவர் வந்தார்கள். வந்து போகிறவனுக்குத் தெரியாதது வாழுறவனுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. குறுகிய பயணத்தின் எல்லையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல ஏலாது.

மூன்றாவது, இதோ யோக்கடோ என்ற கடைக் கம்பனியின் சுசுக்கி தொஷிஃபுமி. அமெரிக்காவுக்குப் போன ஒரு பயணத்தில் வழியில் செவன்–இலெவன் என்ற சின்னக் கடை அவர் கண்ணில் பட்டது. 1973 இல் அதன் உரிமையாளரான சவுத்லாண்ட் கம்பனியோடு ஒப்பந்தம் செய்தார்கள். கிடைத்த வழிகாட்டிப் புத்தகங்களைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கான பயிற்சிக் குறிப்புகள். ஜப்பானுக்குத் தேவையானது அதில் இல்லை. பெயரையும் அடிப்படை யோசனையையும் மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தாங்களே உண்டாக்கினார்கள். 1974 மே மாதம் டோக்கியோவின் தொயோசுவில் ஒரு சின்ன மதுபானக் கடை முதலாவது செவன்–இலெவன் ஆனது. பின்னாளில் அமெரிக்கச் சாப்பாட்டோடு சோற்று உருண்டையும் தட்டில் ஏறியது. 1991 இல் கடனில் தாண்டுகொண்டிருந்த அமெரிக்கத் தாய்க் கம்பனியின் பெரும்பங்கை ஜப்பானியரே வாங்கினார்கள். 2005 இல் முழுவதும் அவர்கள் கைக்கு வந்தது. மாணவன் ஆசிரியரின் பள்ளிக்கூடத்தையே வாங்கின கதை.

காசு கட்டுவது யார், காட்டுவது யார்

இந்த வரலாறு முழுக்க ஒரு விசயம் திரும்பத் திரும்ப வருகிறது. பயணத்துக்குப் பணம் கொடுக்கிறவருக்கு ஒரு நோக்கம் இருக்கும். அது கெட்ட நோக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. 1950களின் கடைசியில் அமெரிக்காவின் டேட்டன் நகரில் என்.சி.ஆர். கம்பனி உலகத்துக் கடைக்காரருக்கெல்லாம் நவீன வியாபாரம் பற்றிக் கருத்தரங்கு நடத்தியது. பெர்னார்டோ துருஹியோ என்பவர் அங்கே புகழ்பெற்ற பேச்சாளர். பிரான்ஸின் கார்ஃபூர் நிறுவனர்களும் அவரிடம் கேட்டுவிட்டுப் போய், 1963 ஜூனில் பாரிஸுக்கு வெளியே தங்கள் முதலாவது பிரமாண்டமான சுப்பர்மார்க்கெட்டைத் திறந்தார்கள். என்.சி.ஆர். விற்றது என்ன? காசுப் பதிவு இயந்திரம். உலகத்தில் சுயசேவைக் கடை கூடினால் அதன் வியாபாரமும் கூடும். படித்தவருக்கும் இலாபம், படிப்பித்தவருக்கும் இலாபம். ஆனால் அங்கே சின்னக் கடைக்காரரின் பக்கத்து நியாயத்தைச் சொல்லிக்கொடுக்க யாருக்கும் தேவை இருக்கவில்லை.

எங்கட நாட்டுக்கும் இந்தக் கதையில் ஒரு சின்ன இடம் இருக்கிறது. 1950 ஜனவரியில் கொழும்பில் கூடிய பொதுநலவாய வெளிவிவகார அமைச்சர்களின் மாநாட்டில் உருவான கொழும்புத் திட்டம், ஆசிய நாடுகளின் ஆட்களை வெளிநாட்டுக்குப் பயிற்சிக்கு அனுப்புகிற பெரிய வழிகளில் ஒன்றானது. 1954 ஒக்ரோபரில் ஜப்பானும் அதில் சேர்ந்தது. தன் முகாமையாளர்களை அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பத் தொடங்கிய அதே 1955 இல், அது ஆசிய நாட்டுப் பயிலுநர்களைத் தன்னிடம் எடுக்கவும் தொடங்கியது. ஒரே நேரத்தில் மாணவனாகவும் ஆசிரியனாகவும். ஆசியாவை இராணுவத்தோடு பார்க்கப் போன நாடு, இப்போது ஆசியாவைத் தன் தொழிற்சாலைக்கு விருந்தாளியாகக் கூப்பிட்டது. அதற்குள் நட்பும் இருந்தது, நாளைய வாடிக்கையாளரைத் தேடுகிற கணக்கும் இருந்தது.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். இந்தக் கட்டுரையில் வந்த பெயர் எல்லாம் ஆண்களின் பெயர். சந்தையில் நின்று வாங்குகிறவர்களில் எத்தனையோ பேர் பெண்கள். பார்க்கப் போனவர்களின் பட்டியலில் அவர்களைத் தேட வேண்டியிருக்கு.

அப்ப நாங்கள் என்ன கேட்பது?

குறுகிய பயணங்களால் பிரயோசனம் இல்லை என்று நாங்கள் சொல்லவரவில்லை. ஒனோவுக்கு அது போதுமாக இருந்தது. ஆனால் அவருடைய படிப்பு விமானத்தில் ஏறுவதற்குப் பல வருசம் முன்னமே தொடங்கியிருந்தது. கேள்வி இல்லாமல் போகிறவருக்கு, கூட்டிக்கொண்டு போகிறவர் காட்டுவதுதான் வெளிநாடு. இது முதலாவது.

இரண்டாவது, அறிக்கை யாரிடம் போகிறது என்று கேட்க வேண்டும். ஷாங்காய் மாணவர்களின் உழைப்பில் குறை இல்லை. எங்கட காலத்து ஒரு கிழமைப் பயணங்களை அவர்களுடைய ஆறு மாதத்தோடு ஒப்பிடவே வெட்கமாக இருக்கும். ஆனாலும் அவர்கள் குறித்துவைத்த ஊர்களுக்கு அவர்களுக்குப் பின்னால் வந்தது படை. நல்லாப் படிக்கிறது மட்டும் ஒருவரை நல்ல இடத்தில் கொண்டுபோய் விடாது.

மூன்றாவது, இதுதான் எங்களுக்குக் கிட்டவானது. நாங்கள் பார்க்கப் போகிறவர்கள் மட்டும் இல்லை, பார்க்கப்படுகிறவர்களும்தான். போருக்குப் பிறகு வடக்குக்கும் கிழக்குக்கும் எத்தனையோ ஆய்வுக் குழுக்கள் வந்து போயின. ஆட்களிடம் கேட்டார்கள், எழுதினார்கள், படம் எடுத்தார்கள், போய்விட்டார்கள். எழுதினதில் எவ்வளவு திரும்பி அந்த ஊருக்கு வந்து சேர்ந்தது என்று ஊரில் கேட்டுப் பாருங்கள். சத்திரத்தில் ஜப்பானிய மாணவனுக்குச் சோறு போட்டு, தானிய விலையையும் ஆற்றின் ஆழத்தையும் சொல்லிக்கொடுத்த அந்தச் சீனக் கிழவரின் இடத்தில் நின்றும் இந்த வரலாற்றை வாசிக்க எங்களுக்கு ஏலும்.

முகாமைத்துவ பீடத்து நண்பர்கள் அடுத்தமுறை துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போகச் சந்தர்ப்பம் கிடைத்தால் போங்கள். கட்டாயம் போங்கள். போக முதல் அந்த நாட்டு மொழியில் விலை கேட்கவாவது படித்துவிட்டுப் போங்கள். கடைத்தொகுதியைக் காட்டினால் அதைக் கட்டினவர்கள் எங்கே படுக்கிறார்கள் என்றும் கேளுங்கள். அவர்களில் எங்கட ஆட்களும் இருப்பார்கள். திரும்பி வந்து எழுதுகிற அறிக்கையில் ஒரு பிரதியை, உங்களோடு கதைத்தவர்களுக்கும் அனுப்புங்கள்.